பாடி கட்டின கார்

"வெல பேசறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. இந்தக் காருக்கு பாடி ஒரிஜினல் இல்லீங்க."

கைலாசம் இப்படிச் சொன்னதும் புரோக்கர் தனசேகருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எட்டு மாதமாக இதே கூத்துதான். ஞாயிறு தவறாமல் கோயம்புத்தூர், ஈரோடு, பெங்களூர் என்று எங்கிருந்தாவது ஒருவரைச் சங்ககிரிக்குக் கூட்டி வருவான். வந்தவர் காரைப் பார்த்து மயங்கிப் போவார். விலை பேச வாயெடுக்கும்போது இந்த மனுஷன் குட்டையைக் குழப்பிவிடுவார்.

மயங்கக்கூடிய கார்தான். இரண்டே சீட், மடக்குகிற கூரை, ஐம்பத்தெட்டாம் வருஷம் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். ஏற்காட்டு எஸ்டேட் வெள்ளைக்காரர் ஒருவரிடம் கைலாசத்தின் அப்பா வாங்கியது. எல்லாம் ஒரிஜினல் என்றால் நாற்பது லட்சம் தர ஆள் உண்டு. பாடி மட்டும் இங்கே கட்டியது என்று தெரிந்தால் பத்து லட்சத்துக்கே மூக்கைச் சுளிப்பார்கள்.

இன்று வந்திருப்பவர் சேலம் நதீம். பழைய கார்களை வாங்கி விற்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"ஒரிஜினல் இல்லேன்னா எப்படிங்க?" என்றார் நதீம்.

"தொண்ணூத்தொண்ணுல ஒரு லாரிக்காரன் இடிச்சுப்போட்டானுங்க. அடியில இருக்கற சேஸிஸ் தப்பிச்சுது, பாடி அப்பளமாப் போச்சு. நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டற பட்டறையில குடுத்துக் கட்டுனதுங்க. பொய் சொல்லி விக்கக் கூடாதில்லீங்களா?"

தனசேகர் கைலாசத்தைத் தனியாக இழுத்துப் போனான்.

"ஏனுங்கண்ணா, அவரு கேட்டாரா? கேக்காததை எதுக்குங்க சொல்றீங்க? உங்க பொண்ணு கனடாவுல இருந்து வாரா வாரம் எனக்குப் போன் போட்டு, வண்டி வித்துதா வித்துதான்னு கேக்குதுங்க."

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதில்லப்பா."

நதீம் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்தார். பானட்டைத் தூக்கினார். கதவுகளைத் திறந்து உள்பக்கம் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

கைலாசம் பக்கத்திலேயே குத்த வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். கல்யாணமான புதிதில் மனைவி சாலம்மாளை இந்தக் காரில் மேட்டூர் அணைக்குக் கூட்டிப் போனது, வழியெல்லாம் அவள் கூந்தல் பறக்கிறதென்று திட்டிக்கொண்டே வந்தது, நாலு வருஷத்துக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தது.

நடுவே மூன்று தரம் காபி கொண்டுவந்தார்.

நதீம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து லட்சம். இப்பவே அனுப்பிடறேன். பாடி கட்டின வண்டிக்கு இதுக்கு மேல யாரும் தரமாட்டாங்க."

தனசேகருக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் கைலாசத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"இஞ்சினும்... இஞ்சினும் இதோடது இல்லீங்க. அம்பாசிடர் இஞ்சின் போட்டதுங்க."

"அண்ணா! இப்பத்தான ஒரிஜினல் இஞ்சின்னு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனீங்க!"

"கியர் பாக்ஸும் தகராறுதானுங்க. ஆர்சி புக்குலகூட ஏதோ சிக்கல் இருக்குது. அவசரப்படாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை வேணும்னா இன்னொருக்கா வந்து பாருங்களேன்."

நதீம் அவர் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பாக்கெட்டில் போட்டார்.

"சரிங்கய்யா. எனக்கு வேண்டாம்."

"அதுக்கென்னங்க!" கைலாசத்துக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. "ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும். கொழம்பு காலையிலயே வெச்சுட்டேனுங்க."

அவரே பரிமாறினார். அவரே பேசினார். "வாரத்துல ஆறு நாளு இந்த ஊட்டுல டிவி ஒண்ணுதானுங்க பேசும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

கிளம்பும்போது மணி நாலு. அவர்கள் தெருமுனை திரும்பும் வரை கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

நதீமின் வண்டி பைபாஸ் ஏறியதும் தனசேகர் வெடித்தான்.

"கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலையே பாய்! அந்தாளுக்கு நேர்மை முத்திப்போச்சுங்க."

"நேர்மையா? அவரு சொன்னது அத்தனையும் பொய், தனசேகரு."

"என்னங்க சொல்றீங்க?"

"பானட்டு, ரெண்டு கதவு, டிக்கி, எல்லாத்துலயும் உள்பக்கம் கம்பெனி அடிச்ச நம்பர் ஒண்ணேதான் இருக்கு. லாரியும் இடிக்கல, பட்டறையிலயும் கட்டல. இங்கிலாந்துல இருந்து வந்த பாடி அப்படியே இருக்கு."

தனசேகர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்ப, தெரிஞ்சேதான் நாப்பது லட்ச ரூபா வண்டியைப் பத்துக்குக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆசை யாரை விட்டுது?" நதீமின் குரல் இறங்கியிருந்தது. "அவரு முகத்தைப் பார்த்த பிறகு எனக்கே வெக்கமாப் போச்சு."

"அந்தாளு எதுக்குங்க தன் வண்டியைத் தானே மட்டம் தட்டோணும்?"

நதீம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பழைய கார் என்றால் உயிரை விடுகிற தன் கோயம்புத்தூர் நண்பருக்குப் போன் போட்டார்.

"மொய்தீன், சங்ககிரியில ஒரு கார் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ப் பாரு. என்ன வெலைக்குக் கெடைச்சாலும் வாங்கிடாத. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெரியவருகூட உக்காந்து பேசிட்டு வா, போதும்."