பாஸ்போட் கிழிக்கும் பாடம்

"பாஸ்போட்டை எத்தினை துண்டாய்க் கிழிப்பாய்?"

"நாலு, மாமா."

"நாலு காணாது. பொறுக்கி ஒட்டிப்போடுவாங்கள். எட்டாய்க் கிழி. கிழிச்சு?"

"பிளேன் கக்கூசுக்குள்ள போட்டுத் தண்ணியை அடிக்கிறது."

கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டில் நாகேந்திரத்தார் கதிரையில் இருந்து கேள்வி கேட்க, தங்கச்சியின் மகன் சுகிர்தன் எழும்பி நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். எஞ்சினியரிங் படிக்கிற பெடியனுக்கு இது என்ன பாடம் என்றுதானே கேட்கிறீர்கள்? கம்பஸ் அவனை ஜேர்மனியில் தண்ணிப் பம்பு செய்கிற ஒரு பக்டரிக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறது. விசாவும் கைக்கு வந்துவிட்டது. தொண்ணூற்றேழாம் வருசம் வெள்ளவத்தைத் தமிழ்ப் பெடியனுக்கு உண்மையான விசா கிடைத்தால், அவன் அங்கே போய் உண்மையாகவே பம்பு பூட்டுவானா? நல்ல கதை.

சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவனை இரண்டு தரம் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் தரம் அவன் திரும்பி வருமட்டும் தாய் கனகேஸ்வரிக்குப் பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. இந்தப் பிள்ளை எங்கேயாவது உயிரோடு கிடந்தால் காணும், இனி இங்கே கால் வைக்கக் கூடாது என்று தமையனிடம் அழுதாள்.

நாகேந்திரத்தார் பொறுப்பெடுத்தார். அவளுடைய மூத்த மகன் ஜெயரூபனை ஆறு வருசத்துக்கு முதல் ஏஜென்சி பிடித்து ஜேர்மனிக்கு ஏற்றிவிட்டவரும் அவர்தான். ஆள் அனுப்புகிற விஷயத்தில் அவரை மிஞ்ச அந்த ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

"சரி, இறங்கினவுடனே?"

"அகதி எண்டு சொல்லி அழோணும்."

"அழு பாப்பம்."

சுகிர்தன் முயன்று பார்த்தான். தும்மல் வரப்போகிறவன் மாதிரி முகம் போனது, கண்ணீர் வரவில்லை. "மாமா, பக்டரியில பூட்ஸ் அவையள் தருவினமோ, நாங்கள் கொண்டு போகோணுமோ?"

"உனக்கேன்ரா பூட்ஸ்? நீ பக்டரி வாசலையே காணமாட்டாய்."

"ஓம் மாமா," என்றான். பின்னேரம் புறக்கோட்டைக்குப் போய் ஒரு சோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். ஒருவருக்கும் சந்தேகம் வராமல் இருக்கத்தான் வாங்குகிறான், கெட்டிக்காரன் என்று நாகேந்திரத்தார் மெச்சிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் ஜேர்மனியிலிருந்து போன் எடுத்தான். தம்பி எந்த ஊரில் அகதியாய்ப் பதிந்தால் நல்லது, எந்த லோயரைப் பிடிக்கலாம் என்று நாகேந்திரத்தார் அவனைக் குடைந்தார்.

"அதெல்லாம் பாப்பம் மாமா. அம்மா இண்டைக்கு என்ன சமைச்சவ?"

"நண்டுக் கறி. இப்ப அதே முக்கியம்?"

"முருங்கையிலை போட்டதோ?"

"ஓமடா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் சரியில்லை என்று நாகேந்திரத்தார் போனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வைத்தார்.

சுகிர்தன் போய்ச் சேர்ந்தான். அடுத்த ஞாயிறு வந்த செய்தியைக் கேட்டு நாகேந்திரத்தாருக்குத் தலை சுற்றியது. பாஸ்போட் ஒரு கீறல் இல்லாமல் முழுசாய் இருக்கிறதாம். பெடியன் விடியவே எழும்பி, பூட்ஸ் போட்டுக்கொண்டு, பக்டரிக்கு வேலைக்குப் போகிறானாம்.

கனகேஸ்வரி தலையில் கைவைத்தாள். "அண்ணை, இவன் திரும்பி வந்திடுவான் போல கிடக்கே."

"விசரே உனக்கு? அவன் ஆழம் பாக்கிறான். விசா முடியிற அண்டைக்குப் போய் அகதி எண்டு கையைத் தூக்குவான், இருந்து பார்," என்றார் நாகேந்திரத்தார். வீட்டில் சொன்னது போதாதென்று சலூனிலும் சொன்னார், கோயிலிலும் சொன்னார். தன்னுடைய வளர்ப்பு அப்படி என்றும் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்தது. ஒரு காலை கதவு மணி அடித்தது. நாகேந்திரத்தார் பேப்பரும் கையுமாய்ப் போய்த் திறந்தார்.

பெட்டியோடு சுகிர்தன் நின்றான். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த கனகேஸ்வரி ஓடிவந்தாள். "ஏன்ரா வந்தனி, சாகவே வந்தனி?" என்று முதுகில் நாலு போட்டாள். அடித்த கையாலேயே தடவிக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறி அழுதாள். பயமும் சந்தோசமும் ஒன்றாய் வந்தால் மனுசி என்னதான் செய்வாள்?

நாகேந்திரத்தார் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "அகதி எண்டு கேட்டனியோ, இல்லையோ?"

"இல்லை மாமா. கம்பஸில சோதனை எழுதக் கிடக்கு. மற்றது, எங்கட சுப்பவைசர் நல்ல மனுசன். அந்தாளை எப்பிடி ஏமாத்துறது?"

"சுப்பவைசர் நல்ல மனுசனோ? அப்ப மாமா ஆரடா? எத்தினை பேருக்கு என்னென்ன சொல்லி வைச்சிருக்கிறன் தெரியுமே? இனி நான் எந்த முகத்தோட சலூனுக்குப் போறது?"

 சுகிர்தன் அடிக்கடி படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க என்ன பார்வை? இஞ்ச பார். கொண்ணன் ஜெயரூபன் ஆறு வருசமாய் அங்க மனுசனாய் இருக்கிறான். ஒரு நாள் திரும்பி வாறதெண்டு வாய் திறந்திருப்பானோ? அவனைப் பாத்தும் உனக்குப் புத்தி வரேல்லையோ? அவன் உனக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

சுகிர்தன் இன்னொருக்கால் படிக்கட்டை எட்டிப் பார்த்தான்.

"அண்ணா கீழ ஓட்டோவுக்குள்ள இருக்கிறார் மாமா, உங்களுக்குப் பயத்தில ஏறி வாறாரில்லை."