காலஞ்சென்ற சுந்தரேசன்

"அய்யோ, என் கறிவேப்பிலைச் செடி!" என்று அலறினாள் பத்மஜா.

கோபத்தில் நான் வீசிக்கொண்டு நுழைந்த குடை, வாசலில் இருந்த தொட்டியைச் சாய்த்துவிட்டது. வீராவேசமாக ஒரு வசனம் தயார் செய்து வந்திருந்தேன். அதை விட்டுவிட்டு, குனிந்து மண் அள்ளவேண்டியதாயிற்று.

"விடுங்கோண்ணா, நான் பாத்துக்கறேன். உள்ளதான் இருக்கார்."

உள்ளே அவள் கணவன் வெங்கடநாராயணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நானும் அவனும் ஒரே சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். ஒப்பந்தச் சட்டம் பற்றிச் சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினோம். இரண்டாம் பதிப்பில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை. பேச்சு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒப்பந்தம் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள்!

"நேத்து டிவி விவாதத்துல 'லேட் புரொஃபசர் சுந்தரேசன்'னு சொன்னியே, நான் எப்படா செத்தேன்?"

"அப்படியா சொன்னேன்?"

"கீழ் வீட்டு கோஷ் பாபு சம்பங்கி மாலையோட வந்துட்டார். கதவைத் திறந்ததே நான்தான். நம்ம ஸ்டூடன்ட் நரேன் போன்ல அழறான். தகனம் எப்போன்னு கேட்டான். முடிவானதும் சொல்றேன்னேன்."

"நரேனா? நீ ஃபெயில் போட்ட பையனாச்சே!"

"அதான் எனக்கும் புரியலை."

சிரிக்கவே கூடாது என்று வந்தவன், அவனோடு சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

"பேச்சை மாத்தாதே. ஏன் அப்படிச் சொன்னே?"

"லைவ் ஷோ. எட்டுப் பேர் கத்தறா. நாக்கு குழறிடுத்துன்னு ஒரு வாதம் உண்டு."

"சரி, இன்னொரு வாதம்?"

"ஏழு வருஷம் ஒருத்தனைப் பத்தித் தகவலே இல்லேன்னா, அவன் போயிட்டான்னுதான் சட்டம் எடுத்துக்கும்."

"அரைகுறையாச் சொல்லாதே. தகவல் தெரிஞ்சிருக்கவேண்டிய மனுஷாளுக்குத் தெரியலேன்னாதான் அது. நீ யாரு எனக்கு?"

அவன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். பத்மஜா வைத்த காப்பியில் ஆடை கட்டியது.

வகுப்பிலும் இப்படித்தான். அவன் வாதி, நான் பிரதிவாதி. மணி அடித்தாலும் மாணவர்கள் எழமாட்டார்கள். மழையில் தெருவே குளமாகி மூன்றே பேர் வந்த நாளிலும் நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. சண்டையை அப்படியே டிராமில் ஏற்றி, லேக் மார்க்கெட் தோசைக் கடை வரைக்கும் கொண்டுபோவோம். கடைக்காரர் விளக்கை அணைத்தால்தான் வழக்கு ஒத்திவைக்கப்படும். அவனோடு பேச்சு நின்ற பிறகு என்னை எதிர்த்து வாதாட ஆளே கிடைக்கவில்லை. எல்லோரும் "கரெக்ட் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"நான் உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சே சொன்னியா, தெரியாமச் சொன்னியா? வக்கீல் பேச்சு வேண்டாம். ஒரே வார்த்தை."

வெங்கடநாராயணன் பேப்பரை மடித்து வைத்தான்.

"தெரிஞ்சுதான்டா. போன் பண்ணினா கட் பண்றே, வாசலுக்கு வந்தா தூங்கறார்னு சொல்லச் சொல்றே. டிவியில ஒரு தப்பைச் சொன்னா, அதைத் திருத்தறதுக்காவது நீ இங்க வருவேன்னு தெரியும்."