குல்லா கழற்றும் ஞாயிறு

கரும்பு வெட்ட வந்த ஆட்களைக் காசிநாதன் வாசலிலேயே நிறுத்தி, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வாங்குவதே பெரும்பாடு. கைக்கு வந்த ஆர்டரைத் தள்ளிப்போடும் ஆளை வடக்கனந்தல் ஊர் அதுவரை பார்த்ததில்லை. மேஸ்திரி காரணம் கேட்டார். வெட்டி, டிராக்டரில் லோடு ஏற்றி அனுப்புவதற்குள் இருட்டிவிடும், சாயங்காலம் ஆறரைக்கு டிவியில் குல்லாக்காரன் கதை முடிகிறது என்று காசிநாதன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

தொடருக்கு வேறு ஏதோ பெயர். தெருவுக்கு அது குல்லாக்காரன் கதைதான். ஞாயிறுதோறும் வரும். ஒரு பழைய பங்களாவில் ஒவ்வொருவராகச் சாவார்கள். கொல்கிறவன் குரங்குக் குல்லாவால் முகத்தை மூடிக்கொண்டு நீளமான வராந்தாவில் வலது காலை வீசி வீசி நடந்து போவான். அவனைப் பற்றி வேறொன்றும் தெரியாது. இன்றைக்குக் குல்லாவைக் கழற்றப் போகிறார்கள்.

டிவி என்றாலே வேலையற்றவர்கள் சமாசாரம் என்று பேசி வந்தவர் காசிநாதன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவல் கொடுத்த மண்வெட்டியைக் கேட்கப் பக்கத்து வீட்டு ஜெயசுதாவிடம் போனவர், அவள் வீட்டு டிவியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். மண்வெட்டியை வாங்காமலே திரும்பினார். அடுத்த வாரம் அவர் வீட்டு மாடியில் டிஷ் ஏறியது. கூடத்தில் வந்து உட்கார்ந்த டிவி தெருவிலேயே பெரியது.

கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். அதனால் சனிக்கிழமையே மாடியேறி டிஷ்ஷை இறுக்கி வைத்தார். கரண்ட் போகுமா என்று லைன்மேனைக் கேட்டார். போகாது என்று அவன் சொன்னதை நம்பாமல், சவுண்ட் சர்வீஸ் தங்கதுரையிடம் பேட்டரியும் இரவல் வாங்கி வந்தார். மாட்டுக்கு நேரத்தோடு தண்ணீர் காட்டினார். பிறகு சவரம் செய்து, குளித்து, பெண் பார்க்கப் போகிறவரைப்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"கொலய பாக்கறதுக்குக் கோடித் துணி வேறயா?" என்றாள் மனைவி ரங்கம்மாள், அடுப்படியிலிருந்து.

ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்று சொல்லி, அவள் ஒரு வாரம்கூட டிவி முன்னால் உட்கார்ந்ததில்லை.

ஆறு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. சமையல்காரன்தான் என்றது ஒரு கட்சி. முதலில் செத்துப்போனவளின் தம்பி என்றது இன்னொரு கட்சி. வக்கீல் என்று ஜெயசுதா மட்டும் ஒற்றை ஆளாக நின்றாள்.

"ஒங்க சந்தேகம் யாரு மேல பெரிப்பா?" என்று காசிநாதனைக் கேட்டாள்.

"மூஞ்ச காட்டுவான் இல்ல. பாத்துக்கினா போச்சு."

கரண்ட் போகவில்லை. மேகமும் வரவில்லை. குல்லாக்காரன் கடைசி முறையாக அந்த வராந்தாவில் நடந்தான். காசிநாதன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

போலீஸ்காரர் குல்லாவை உருவினார்.

வக்கீல்.

கூடமே கைதட்டியது. ஜெயசுதா எழுந்து நின்று கும்பிடு போட்டாள்.

டிவியில் போலீஸ்காரர் கேட்டார், அப்படியானால் வலது காலை வீசி வீசி நடந்தது? வக்கீல் வேடக்காரர், பெரிய நடிகர், ஒரு பக்கமாகச் சிரித்தார். அதுவும் நடிப்புதான் என்றார்.

காசிநாதன் மட்டும் கைதட்டவில்லை.

அந்த நடை அவருக்குத் தெரிந்த நடை. மரவள்ளி லோடு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து, எலும்பு கோணலாகக் கூடிய கால் அப்படித்தான் வீசும். நாலு வருஷம் முன்பு, நடிக்கப் போகிறேன் என்று மகன் பகலவன் பையோடு நின்றபோது அவர்தான் கேட்டார், இந்தக் காலை வைத்துக்கொண்டு உன்னை எவன் சினிமாவில் சேர்ப்பான் என்று. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

எவனோ சேர்த்துவிட்டான், அதுவும் அந்தக் காலுக்காகவே சேர்த்துவிட்டான் என்று இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக நம்பிக்கொண்டிருந்தார்.

"பெரிப்பா வேற ஆள நெனச்சிட்டாரு போல," என்று ஜெயசுதா செருப்பை மாட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னாள்.

"ஆமா," என்றார் காசிநாதன்.

எல்லோரும் போனார்கள். வெள்ளைச் சட்டையோடு விளம்பரங்களைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். ரங்கம்மாள் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க? அந்தாளுக்கு அப்பிடி நடக்கத் தெரிஞ்சிருந்தா, குல்லாவக் கழட்டனதுக்கு அப்புறம் ஒரு தபா நடந்து காட்டியிருப்பான் இல்ல? நின்ன எடத்தவுட்டு நவுந்தானா?"

காசிநாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த ஆள் நகரவில்லைதான்.

"நீ எப்ப பாத்த?"

"நான் எங்க பாத்தேன்?" என்றாள். குழம்புக் கரண்டி அவள் கையில் சும்மா நின்றது. "அவன் நடக்கறப்ப மட்டும் கதவாண்ட வந்து நிப்பேன். நடந்து முடிச்சா உள்ள போயிடுவேன்."

குழம்பை ஊற்றினாள்.

"காலு இப்ப கொஞ்சம் தேவல."