பண்டிகைப் பூசணி

அறுப்பின் பண்டிகை, வீட்டில் விளைந்ததை வேதக்கோயிலில் படைக்கும் ஞாயிறு. எட்டு வயது ஜாஸ்மி மூன்று மாதமாகப் பள்ளிவிட்டு வந்து தண்ணீர் ஊற்றிய கொடியில் ஒரே ஒரு பூசணிக்காய், ஒருபக்கம் சப்பிப்போய் ஈரத்தோடு கிடக்கிறது. அவளுடைய அம்மா நேசபாய், பட்டுச்சேலை மண்ணில் படாமல் குனிந்து, சந்தையில் வாங்கிய உருண்டைக் காயை மகள் முன்னால் வைக்கிறாள். “இது நான் நட்டது இல்லியே அம்மா.” “சப்பக்காயத் தூக்கிட்டுப் போனா சபையே சிரிக்கும் மக்கா. கேட்டா நீ நட்டதுன்னு சொல்லு.” நேசபாய் கொடித் தடத்து மண்ணைக் கிள்ளி, சந்தைக் காயின் பளபளக்கும் தோலில் தேய்க்கிறாள். கோயிலில் இரண்டாம் மணி அடிக்கிறது. மகள் அழப்போகிறாள் என்று நேசபாய் அதட்டுவதற்குத் தயாராக நிமிர்கிறாள். ஜாஸ்மி அழவில்லை. காயை மெல்ல உருட்டிப் பார்க்கிறாள். “இந்தப் பக்கம் மண்ணு போராது அம்மா” என்று சொல்லி, ஈரமண்ணைக் குழைத்து அப்புகிறாள்.