தோளில் அண்ணன் பெயர்

ஜீப் வந்து நின்றதும் மாணிக்கம்மாள் மகனின் முகத்தைத்தான் தேடினாள். அது தொங்கிப்போயிருக்க வேண்டும் என்று காலையிலிருந்து சாமியை வேண்டிக்கொண்டிருந்தாள்.

பெற்றவள் இப்படியும் வேண்டுவாளா என்றால், வேண்டுவாள்.

பெரியவன் பார்த்திபன் ராணுவத்தில் இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் எல்லையில், பனிச்சரிவில் போய்விட்டான். அதுவரை புதூர்நாடு பார்த்திராத பெரிய பெரிய வண்டியெல்லாம் அவன் உடலோடு அன்றைக்கு மலையேறி வந்தன.

அப்போதிருந்து சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். வீரத்தாய் என்று மைக்கில் சொல்வார்கள். அடுத்த பிள்ளையையும் நாட்டுக்குத் தருவீர்களா என்று போன வருஷம் மேடையில் ஒருவர் கேட்டார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் சுகமாக இருக்கிறார்கள்.

மாணிக்கம்மாள் தலையை ஆட்டி வைத்தாள். ஊரே கைதட்டும்போது வேறு என்னதான் செய்வது?

சின்னவன் கோகுல்ராஜ் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றான். மறுநாள் விடியற்காலையிலேயே மலைரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டான். பரீட்சை, ஓட்டம் எல்லாம் தேறியாயிற்று. மிச்சம் இருந்தது இன்றைய மெடிக்கல் மட்டும்தான்.

நாட்டின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கொடி மேலே ஏறும்போது நிஜமாகவே உடம்பு சிலிர்க்கும். ஒன்றைக் கொடுத்தாயிற்று, இருக்கிற ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் பெரியவன் செத்தது வீண் என்று ஆகிவிடுமோ என்று பயந்தாள்.

பங்குனியில் ஆலங்காயம் திருவிழாவுக்குச் சின்னவனை அழைத்துப் போயிருந்தாள். பச்சை குத்துகிறவர் முன்னால் உட்காரவைத்து, அண்ணன் பெயரைத் தோளில் குத்தச் சொன்னாள். கையில் குத்தலாமே என்று அவர் சொன்னதற்கு, தோளில்தான் என்று பிடிவாதமாக நின்றாள். ஊரில் அதைப் பார்த்தவர்களெல்லாம் கண் கலங்கிப் போனார்கள்.

கோகுல்ராஜ் ஜீப்பிலிருந்து குதித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“பாசாய்ட்டேன்மா. தோள்ல பச்ச இருந்தா எடுக்க மாட்டாங்களாம். மலைக்காரங்க வழக்கமா குத்திக்கிறதுன்னா மட்டும் உடுவாங்களாம். நம்ம ஜாதி சர்டிபிகேட்ட காட்டினேன், அப்பவும் டாக்டர் நம்பல. போன்ல உன் போட்டோவ காட்டினேன். முழங்கை வரிக்கும் கோலம் குத்தினு இருக்கிறியே, அத்த பாத்துட்டுத்தான் சரின்னாரு.”

தோளில் பச்சை இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பது மாணிக்கம்மாளுக்குத் தெரியும்.

கடைசி லீவில் வந்தபோது பார்த்திபன் சோறு தின்றுகொண்டே சொன்னதுதான் அது. காதலி பெயரைத் தோளில் குத்திக்கொண்டு வந்த ஒருவனை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மலைக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டென்று அவன் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

அவள் புருஷன் தங்கவேல் மகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பெரியவன் பெயரே சின்னவனைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று கூடியிருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

கோகுல்ராஜ் அம்மா காலில் விழுந்தான். நீ குத்தச் சொல்லாவிட்டால் அண்ணன் என்கூட வந்திருக்க மாட்டான், எல்லாம் உன்னால்தான் என்றான்.

“ஆமாண்டா, என்னாலதான்” என்றாள் மாணிக்கம்மாள். அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஜனம் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு முனிசாமி அதை ஓடி ஓடி வீடியோ எடுத்தார். என்ன இருந்தாலும் வீரத்தாய் இல்லையா, ஆனந்தக் கண்ணீர் என்றார்.