கறுப்பு மைதானம்

நிலக்கரி கழுவும் ஆலையின் ஆய்வகத்தில் அவன் இருந்தபோது மனைவி போனில் கூப்பிட்டாள்.

"ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டேங்க! உங்க ஆலைக்குப் பின்னாடி கறுப்பு மைதானம் இருக்கே, அதுல நட்டநடுவுல நிக்கறேன். விழுந்தாக்கூட வலிக்கல, மெத்தைதான்!"

உண்மையைச் சொன்னால் பயந்து ஓடுவாள். ஓடினால் போச்சு.

"வண்டியை விட்டுடு. மெதுவாப் படுத்து, அப்படியே கரைக்கு உருண்டு வா."

"பட்டப்பகல்ல உருளணுமா? நல்ல கூத்து!" அவள் சிரித்தாள். "கரையாம் கரை! இங்க ஏதுங்க தண்ணி?"

அவன் எதிரே கண்ணாடிக் குழாயில், நிலக்கரி கழுவிய கழிவுநீர் நின்றது. மாவைவிடப் பொடியான தூள். மாதக்கணக்கானாலும் அடியில் படியாது. அந்த மைதானத்துக்கு அடியில், ஆள் மூழ்கும் ஆழத்துக்கு இதே கழிவுநீர்தான். காய்ந்திருந்தது, பாலின் மேல் படர்வதுபோல் மேலே படர்ந்த மெல்லிய ஆடை மட்டும்.

"உருண்டா உடம்பெல்லாம் கரியாயிடும். ஓட்டிட்டே வர்றேன்" என்றாள்.

போனில் வண்டி உறுமியது.