நடையில் முதலிடம்

ஊக்கச் செய்திகள் அனுப்பி, நடக்கும் அடிகளையும் எண்ணும் கைபேசிச் செயலி மூலம் மக்களை நடக்க வைக்கும் ஆய்வு அது. அதில் முதலிடம் பிடித்த தையல்காரம்மாவைப் பேராசிரியர் தன் அறைக்கே வரவழைத்திருந்தார்.

"மெஷினை விட்டு எழுந்திருக்காத உங்களையே எங்க ஆப் இப்படி நடக்க வச்சிடுச்சே. எந்த மெசேஜ்மா உங்க மனசை மாத்துச்சு?" என்று கேட்டார். குறிப்பெடுக்க உதவியாளர் பெண் பேனாவைத் திறந்தாள்.

"மெசேஜ் எதையும் நான் படிக்கலைங்க சார்."

"அப்புறம் எப்படி இவ்வளவு நடந்தீங்க?"

"வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கிடந்தாருங்க. வார்டு ஒரு கோடி, மருந்து வாங்குற இடம் இன்னொரு கோடி. ரத்தம் கேட்டா எதிர்க் கட்டடம். பொழைப்பாரான்னே தெரியாம ஓடிக்கிட்டிருந்தேன். போன் அது பாட்டுக்கு இடுப்புல சொருகியிருந்துச்சு."

உதவியாளர் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேராசிரியர்தான் கேட்டார்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"தேறிட்டாருங்க. நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்." அறைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்தாள்.

பேராசிரியரின் முகம் தொங்கிப் போயிற்று. மெல்ல உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"ஆய்வு முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கே. இனிமே இந்தம்மா எங்க நடக்கப் போறாங்க?"